காதுக் குறும்பி: கொஞ்சம் வரலாறு

தலைப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் மன்னிக்கவும். பி.காம் படிக்கிறவனுக்கு காது அழுக்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வணக்கம். எனக்கும் மூன்று மாதம் முன்பு வரை ஒன்றும் தெரியாது. எல்லோரையும் போல குளித்துவிட்டு வந்ததும் ஒரு பட்ஸை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த சுகத்தை அனுபவித்துவிட்டு, பஞ்சில் ஒட்டியிருக்கும் மஞ்சளைப் பார்த்து "அப்பாடா, சுத்தம்" என்று திருப்திப்பட்டுக் கொண்டிருந்தவன்தான்.

மாற்றியது என் பெரியப்பா. அவருக்கு பதினைந்து வருடமாக சர்க்கரை. அதைவிடப் பழைய பழக்கம் காது குடைவது. பட்ஸெல்லாம் அவருக்குப் பிடிக்காது. ஸ்கூட்டர் சாவிதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் சாவி காதுக்குள் போய்விடும். திடீரென்று ஒருநாள் காது வலி என்றார். இரண்டு நாளில் தூக்கம் போனது. சொட்டு மருந்து விட்டார்கள், கேட்கவில்லை. கடைசியில் பெரிய மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுத்தபோது கிருமி காதுக் குழாயைத் தாண்டி எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். காது அழுக்கு எடுக்கப் போய் எலும்பிலா? எனக்குப் புரியவே இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் பெரியப்பாவிடம் கேட்ட கேள்வி மட்டும் மனதில் நின்றுவிட்டது.

"அய்யா, அந்தக் குறும்பி உங்களை என்ன பண்ணுச்சு? அதை ஏன் நோண்டி எடுத்தீங்க?"

அதானே, என்ன செய்தது? அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தேன். வார்டு வராந்தாவில் துணைக்கு உட்கார்ந்திருந்த இரவுகளில் படிக்கத் தொடங்கியது, காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை விட சுவாரஸ்யமாகப் போய்விட்டது.

முதலில் பெயர். நாம் "காது அழுக்கு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். தமிழில் அதற்குத் தனியாக "குறும்பி" என்று அருமையான சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் "குறும்பிவாங்கி" என்று ஒரு கருவியின் பெயரும் கிடைக்கும். எங்கள் ஆச்சியிடம் ஒரு வளையத்தில் கோர்த்த முள்வாங்கி இருந்தது. அதே வளையத்தில் நுனியில் சின்னக் கரண்டி மாதிரி குழிவான ஒரு கம்பியும் தொங்கும். அது எதற்கு என்று சின்ன வயதில் தெரியாது. இப்போது தெரிகிறது. ரோமானியர்களும் அச்சு அசலாக இதையே வைத்திருந்தார்கள்! அவர்கள் ஆண்ட பிரிட்டனில் தோண்டி எடுத்த பொருட்களில் முள்வாங்கி, நகம் சுத்தம் செய்யும் கம்பி, காதுக் கரண்டி மூன்றும் ஒரே வளையத்தில் கோர்த்த வெண்கலச் செட்டுகள் நிறைய இருக்கின்றன. ஆக, காது குடைவது நேற்று வந்த பழக்கம் இல்லை.

ஆனால் பழைய ஆட்கள் குறும்பியை வெறும் அழுக்காக மட்டும் பார்க்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த மூத்த பிளினி (79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர்) தன் இயற்கை வரலாற்று நூலில் குறும்பியை மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். மனிதன் கடித்த புண்ணுக்கு அது நல்லதாம், தேள் கடிக்கும் போடலாமாம். மனிதனை மனிதன் கடிப்பது மருந்து எழுதும் அளவுக்கு சகஜமாக இருந்திருக்கிறது போல :-)

அதே நூற்றாண்டின் செல்சஸ் என்ற ரோமானியர் குறும்பி அடைத்துக் கொண்டால் சூடான எண்ணெய் விட்டு இளக்கச் சொல்கிறார். நம் வீட்டு எண்ணெய் வைத்தியம்!

மத்தியகால ஐரோப்பாவில் கையெழுத்துச் சுவடிகளுக்கு ஓவியம் தீட்டியவர்கள், முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் பசையாக்கும்போது நுரை கட்டாமல் இருக்க அதில் துளி குறும்பி சேர்த்தார்கள். இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தங்க இலை மின்னும் சில சுவடிகளில் யாரோ ஒருவரின் காது மெழுகும் இருக்கலாம். 1829-ல் அமெரிக்காவில் லிடியா மரியா சைல்டு என்ற பெண்மணி சிக்கனக் குடும்பத் தலைவிகளுக்காக எழுதி சக்கைப்போடு போட்ட புத்தகத்திலும் குறும்பி வருகிறது. ஆணி குத்திய காயத்துக்கும், வெடித்த உதட்டுக்கும் அதைத் தடவச் சொல்கிறார். (முயற்சி செய்து பார்க்காதீர்கள். நான் பார்க்கவில்லை.)

இவர்கள் யாருக்கும் கிருமி என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் பிளினியும் சைல்டும், பதினெட்டு நூற்றாண்டு இடைவெளியில், புண்ணுக்கு இது ஆகும் என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். அதனால் அவர்கள் சொன்னது சரி என்று நான் சொல்ல வரவில்லை. பிளினி எதை எதையெல்லாமோ மருந்து என்று எழுதியவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 19-ஆம் நூற்றாண்டு வரை குறும்பி எதற்காவது பயன்படும் பொருளாக இருந்தது. வெறும் அழுக்காக மாறியது அதற்குப் பிறகு. அந்த மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இங்கே இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் தேதி 1922, லண்டன். அலெக்சாண்டர் ஃப்ளெமிங் என்றதும் எல்லோருக்கும் பென்சிலின் ஞாபகம் வரும். அதற்கு ஆறு வருடம் முன்பே அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். 1921 கடைசியில் அவருக்கு சளி பிடித்திருந்தது. செயின்ட் மேரீஸ் மருத்துவமனை ஆய்வகத்தில் தன் மூக்குச் சளியையே எடுத்து தட்டில் வளர்த்துப் பார்த்தார். அதைச் சுற்றி ஒருவகை பாக்டீரியா கரைந்துபோய்க் கிடந்தது. மனுஷன் விடவில்லை. கண்ணீர், எச்சில், முட்டை வெள்ளைக்கரு என்று அகப்பட்டதை எல்லாம் சோதித்தார். கண்ணீர் தேவைப்பட்டபோது ஆய்வக ஆட்கள் கண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, அழ வைத்து, அதற்குக் கூலியும் கொடுத்தார் என்று கதை. எல்லாவற்றிலும் ஒரே பொருள் இருந்தது. அதற்கு லைசோசைம் என்று பெயர் வைத்து 1922-ல் கட்டுரை வெளியிட்டார். உடம்பு வெளியே தள்ளும் கசடு என்று நாம் துடைத்துப் போடும் திரவங்களில் கிருமியைக் கொல்லும் சரக்கு இருக்கிறது என்பது அன்று பெரிய விஷயம். ஆனால் அது கொன்றது பெரும்பாலும் ஆபத்தில்லாத பாக்டீரியாக்களை. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. இதே லைசோசைம் காதுக் குறும்பியிலும் இருக்கிறது என்பது பிற்பாடு தெரியவந்தது.

இரண்டாவது தேதி 1923, நியூயார்க். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ கெர்ஸ்டென்சாங் என்பவர், தன் மனைவி குழந்தையைச் சுத்தம் செய்ய பல்குச்சியில் பஞ்சைச் சுற்றுவதைப் பார்த்தாராம். உடனே அதையே ரெடிமேடாகச் செய்து விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தார். முதலில் வைத்த பெயர் பேபி கேய்ஸ். 1926-ல் க்யூ-டிப்ஸ் பேபி கேய்ஸ். பிறகு வெறும் க்யூ-டிப்ஸ். அந்த "க்யூ" என்பது குவாலிட்டி.

உடம்பின் கசிவுகளுக்குள் காவல் இருக்கிறது என்று ஒரு ஊரில் கண்டுபிடிக்கிறார்கள். அடுத்த வருடமே இன்னொரு ஊரில் அதைத் துடைத்து எடுக்க குச்சி விற்க ஆரம்பிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. லைசோசைம் ஆய்விதழ்களோடு நின்றது. குச்சி உலகம் முழுக்கப் போனது.

வணிகவியல் மாணவன் என்ற முறையில் அடுத்த கட்டத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. 1962-ல் க்யூ-டிப்ஸை வாங்கியது செஸ்பரோ-பாண்ட்ஸ். வாசலினும் நம் பாண்ட்ஸ் பவுடரும் இருந்த அதே நிறுவனம். 1987-ல் அதையே யூனிலீவர் வாங்கிவிட்டது. இதற்கு நடுவில், 1970-களில், ஒரு விசித்திரம் நடந்தது. பெட்டியின் மேல் "காதுக் குழாய்க்குள் விடாதீர்கள்" என்ற எச்சரிக்கை ஏறியது. அன்றிலிருந்து இன்று வரை அந்த எச்சரிக்கை இருக்கிறது. விற்பனையும் குறையவில்லை. மார்க்கெட்டிங் பாடத்தில் பொருளின் பயனைச் சொல்லி விற்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். இங்கே வாங்குகிறவர்கள் முக்கியமாக எதற்கு வாங்குகிறார்களோ அதைச் செய்யாதே என்று எழுதி விற்கிறார்கள். இப்படி இன்னொரு பொருளை யோசித்துப் பார்த்தேன், சிகரெட்டைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

சரி, காதுக்குள் விட்டால் அப்படி என்னதான் ஆகிவிடும்? அதற்கு விடை கிடைத்தது போர்க்களத்தில்.

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இறங்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் படையினர் காது வலியில் துடித்தார்கள். வெயில், வியர்வை, ஈரக்காற்று, குளிக்கவும் நீந்தவும் கடல். காதுக் குழாய் வீங்கி, சீழ் பிடித்து, கேட்காமல் போனது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதற்கு வைத்த பெயர்கள் "சிங்கப்பூர் காது", "ஹாங்காங் காது". பழி ஊர்மேல் போய்விட்டது, பாவம். மருத்துவர்கள் அப்போது பெரும்பாலும் பூஞ்சைதான் காரணம் என்று நம்பி, பூஞ்சைக்கே மருந்து போட்டுக் கொண்டிருந்தார்கள்.

இதைத் திருத்தியவர்களில் முக்கியமானவர் பென் செந்தூரியா என்ற அமெரிக்க காது மருத்துவர். போர்க்காலத்தில் ராணுவ நோயாளிகளின் காதுகளில் இருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தார். பெரும்பாலும் அகப்பட்டது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. அதிலும் சூடோமோனாஸ் என்ற ஒரு பொல்லாத ஜாதி. ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழக்கூடியது. 1945-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆனால் கிருமியின் பெயரை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் சொன்ன அடுத்த விஷயம். இந்த சூடோமோனாஸ் தண்ணீரில், மண்ணில், எங்கும் இருப்பது. அப்படியானால் ஏன் எல்லோருக்கும் எப்போதும் காது அழுகுவதில்லை?

அவருடைய விளக்கம் இப்படிப் போகிறது. காதுக் குழாயின் தோலுக்கு மேல் கொழுப்பும் மெழுகுமாக ஒரு படலம் இருக்கிறது. குறும்பிதான் அந்தப் படலம். கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, தண்ணீர் ஒட்டாதது. தொடர்ந்து நனைந்தாலோ, குடைந்து வழித்தாலோ அந்தப் படலம் போய்விடுகிறது. உடனே தோல் தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போகிறது. சுரப்பிகளின் வாய் அடைபடுகிறது. அரிப்பு எடுக்கிறது. அரித்தால் என்ன செய்வோம்? குடைவோம். குடைந்தால் தோல் கீறும். கீறிய இடத்தில் கிருமி இறங்கும். வீக்கம், மறுபடி அரிப்பு, மறுபடி குடைச்சல். நோய் என்பது கிருமி வந்த பிறகு தொடங்குவதில்லை. படலம் போன அன்றே தொடங்கிவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்று இருந்தது. தினமும் பட்ஸ் போட்டும் எனக்கு ஏன் தினமும் காது அரிக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அரிக்கிறது, அதனால் குடைகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எப்படி என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1964-ல் பீட்டர் ஆல்பர்ட்டி என்ற மருத்துவர் மனிதர்களின் செவிப்பறையில் மைப் புள்ளிகள் வைத்து அவை எங்கே போகின்றன என்று நாள் கணக்கில் பார்த்தார். புள்ளிகள் வெளிப்பக்கமாக நகர்ந்தன! உடம்பில் மற்ற இடங்களில் தோல் அடியில் இருந்து மேலே வளர்ந்து உதிரும். காதில் மட்டும் தோல் பக்கவாட்டில் நகர்கிறது. செவிப்பறையில் கிளம்பி, குழாயின் சுவர் வழியாக வாசலை நோக்கி. வேகம் சுமாராக நகம் வளரும் வேகம். குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மாதத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்று வைத்தால் உள்ளே இருந்து வாசலுக்கு பத்துப் பன்னிரண்டு மாதப் பயணம் (இது என் பி.காம் கணக்கு). தொழிற்சாலையில் கன்வேயர் பெல்ட் ஓடுமே, அது மாதிரி. அதன் மேல் குறும்பியும், செத்த தோலும், தூசியும், சில சமயம் சின்னப் பூச்சியும் ஏறி வெளியே வந்து விழுகின்றன. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவதும் கொஞ்சம் உதவி.

இன்னொரு தகவல் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்கின்றன. உள்ளே, செவிப்பறைக்குப் பக்கத்தில் சுரப்பியே கிடையாது. அப்படியானால் ஆழத்தில் குறும்பி கட்டியாக அடைத்திருக்கிறது என்றால் அங்கே அதைக் கொண்டுபோய் வைத்தது பெரும்பாலும் யார்? கையில் பட்ஸ் வைத்திருக்கும் நாம்தான். பஞ்சில் ஒட்டி வரும் கொஞ்சத்தைப் பார்த்து சந்தோஷப்படுகிறோம். உள்ளே தள்ளியதை யாரும் பார்ப்பதில்லை.

(ஒரு சின்ன திசைதிருப்பல். நீலத் திமிங்கலத்துக்கு இந்த பெல்ட் வசதி கிடையாது. அதன் காது வெளியே மூடியிருப்பதால் மெழுகு ஆயுள் முழுக்க உள்ளேயே அடுக்கடுக்காகச் சேரும், மரத்தின் வளையங்கள் மாதிரி. 2007-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பக்கம் கப்பல் மோதிச் செத்த ஒரு நீலத் திமிங்கலத்தின் காதில் இருந்து சுமார் 25 செ.மீ. நீள மெழுகை எடுத்து, அது எந்த வயதில் எவ்வளவு மன அழுத்தத்தில் இருந்தது, எந்தெந்த ரசாயனங்கள் அதன் உடம்பில் சேர்ந்தன என்றெல்லாம் 2013-ல் கண்டுபிடித்தார்கள். அதைத் தனிப் பதிவாக எழுத ஆசை.)

இப்போது ஒரு நேர்மையான இடத்துக்கு வருகிறேன். "குறும்பி கிருமிகளைக் கொல்லும்" என்று நெட்டில் எங்கே பார்த்தாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. 1960-கள் வரை நடந்த ஆய்வுகளில் குறும்பிக்கு அப்படி ஒரு சக்தி இருப்பதாகப் பெரிதாக ஆதாரம் கிடைக்கவில்லை. 1980-ல் சாய் மற்றும் சாய் என்ற இருவரின் ஆய்வு வந்தது. உலர்ந்த வகைக் குறும்பியை 3 சதவீதக் கரைசலாக்கி பாக்டீரியாக்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள். சில வகைகள் 99 சதவீதத்துக்கு மேல் செத்தன. ஆனால் நம் பழைய வில்லன் சூடோமோனாஸும், புண்களில் வரும் ஸ்டஃபைலோகாக்கஸும் 30 முதல் 80 சதவீதம்தான் குறைந்தன. அதாவது காதைக் கெடுப்பதில் முதல் வரிசையில் நிற்பவனிடம்தான் குறும்பியின் பருப்பு அவ்வளவாக வேகவில்லை. பின்னால் வந்த வேறு ஆய்வுகளில், சில பாக்டீரியாக்களுக்குக் குறும்பி தீனியாகக் கூட இருக்கிறது என்று முடிவு வந்தது. 2011-ல் கிருமி எதிர்ப்புப் புரதங்கள் பல அதில் இருப்பதைக் காட்டினார்கள். ஆக வழக்கு இன்னும் முடியவில்லை.

எனக்குத் தோன்றுவது இது. குறும்பியை டெட்டால் மாதிரி நினைத்தால் ஏமாந்துவிடுவோம். அது ஓட்டு வீட்டின் ஓடு மாதிரி. மழையைக் கொல்வது ஓட்டின் வேலை இல்லை, உள்ளே இறங்காமல் பார்த்துக் கொள்வதுதான் வேலை. தண்ணீர் ஒட்டாத மெழுகு, லேசான அமிலம், கொஞ்சம் லைசோசைம், நிற்காமல் ஓடும் பெல்ட். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய ஆயுதம் இல்லை. சேர்ந்து இருக்கும்போது கிருமிக்குக் காலூன்ற ஈரமான இடம் கிடைப்பதில்லை. ஆய்வகத் தட்டில் குறும்பியைத் தனியாகப் போட்டுச் சோதித்தவர்களுக்கு ஆளுக்கொரு விடை கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. செந்தூரியா நோயாளியின் காதிலேயே பார்த்தார், ஓடு கழன்ற வீட்டைப் பார்த்தார். அவருக்கு விடை தெளிவாகத் தெரிந்தது. இன்றும் காதுக் குழாய் நோய்க்குப் போடும் சொட்டு மருந்துகளில் ஒன்று நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம். போன அமிலத்தன்மையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

எல்லோருடைய குறும்பியும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்கு ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். சீனா, ஜப்பான், கொரியாவில் பெரும்பாலோருக்கு உலர்ந்து, செதில் செதிலாக இருக்கும். 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதுதான் என்று கண்டுபிடித்தார்கள். அந்த உலர் வகை ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் அபூர்வம், தெற்காசியா இரண்டுக்கும் நடுவில். ஜப்பானில் இன்றும் மூங்கில் காதுக் கரண்டியும் மேற்கே பஞ்சுக் குச்சியும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செதிலைச் சுரண்டலாம், பிசினைத் துடைக்கத்தான் முடியும்.

இனி பெரியப்பா.

1968-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சாண்ட்லர் என்ற மருத்துவர் பதிமூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஏறக்குறைய எல்லோரும் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள். சாதாரணக் காது வலியாகத் தொடங்கி, சூடோமோனாஸ் குழாயின் அடியில் இருக்கும் எலும்புக்குள் இறங்கி, மண்டை ஓட்டின் அடிப்பகுதி வரை பரவியிருந்தது. முக நரம்பு செயலிழந்து வாய் கோணியவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. அது புற்றுநோய் இல்லை. ஆனால் அதன் வெறியைப் பார்த்து அதற்கு வைத்த பெயரில் புற்றுநோய்க்குச் சொல்லும் அடைமொழியையே சேர்த்துவிட்டார். அன்றைக்கு அதில் பிழைப்பது பெரிய விஷயம். இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் கண்டுபிடித்தால்.

ஏன் சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும்? ரத்த ஓட்டம் குறைவு, எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது பொதுவான பதில். 1993-ல் வந்த ஓர் ஆய்வு நேராகக் குறும்பியையே சோதித்தது. சர்க்கரை நோயாளிகளின் குறும்பியில் அமிலத்தன்மை மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. ஓடு ஏற்கனவே மெலிந்த வீடு. அதில் ஸ்கூட்டர் சாவியை வேறு விட்டால்?

பெரியப்பாவுக்கு ஆறு வாரம் ஊசியும் மாத்திரையும். பெரியம்மா நகையில் பாதி அடகுக்குப் போனது. நல்ல வேளை, முகம் கோணுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று மருத்துவர் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வகுப்பு எடுத்தார். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு காது வலி வந்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால் ஒரு வாரம் பார்ப்போம் என்று உட்காரக் கூடாது. காதில் தண்ணீரைப் பீச்சிக் கழுவுவது கூட இவர்களுக்கு ஆபத்து, மருத்துவரிடம் சர்க்கரை இருப்பதைச் சொல்ல வேண்டும். குறும்பி உண்மையிலேயே அடைத்துக் கேட்காமல் போனால், காது கேட்கும் கருவி போட்டிருந்தால், வயதானவர்களுக்கு அடிக்கடி கட்டினால், அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுக்க வேண்டியவர் அவர்.

அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2008-லும், திருத்தி 2017-லும் வெளியிட்ட வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது. தொந்தரவு இல்லாத குறும்பியைத் தொடாதே. அதே 2017-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வின்படி 1990 முதல் 2010 வரை பஞ்சுக் குச்சியால் காதில் காயம் பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த சிறுவர் சிறுமியர் சுமார் 2,63,000 பேர். ஒரு நாளைக்கு 34 பேர். பெரும்பாலோர் காது சுத்தம் செய்யும்போது பட்ட காயத்தோடு வந்தவர்கள்.

நம் நாட்டில் பட்ஸுக்கு ஒரு தடை வந்தது தெரியும்தானே? 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸ் தயாரிக்கவும் விற்கவும் கூடாது. காதுக்காக இல்லை, குப்பைக்காக. இப்போது காகிதக் குச்சியிலும் மூங்கில் குச்சியிலும் வருகிறது, "இயற்கைக்கு நல்லது" என்று எழுதி. காதுக்குள் கேமரா வைத்த கரண்டி வேறு ஆன்லைனில் விற்கிறார்கள். செல்போனில் பார்த்துக்கொண்டே குடையலாமாம். என் ரூம்மேட் ஒருவன் வாங்கியிருக்கிறான். இந்தப் பதிவை முதலில் அவனுக்குத்தான் அனுப்பப் போகிறேன்.

நான் பட்ஸை விட்டு இரண்டரை மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் கை தானாக அலமாரிக்குப் போனது. அரிப்பு தாங்கவில்லை. மூன்றாவது வாரம் குறைந்தது. இப்போது குளித்ததும் துண்டின் நுனியால் காது மடலைத் துடைத்துவிட்டு வந்துவிடுகிறேன். பெரியப்பா மறுபடி டீக்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். நடந்துதான் போகிறார். ஸ்கூட்டர் சாவியைப் பெரியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்.